ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைப் பேர்

"ஞாயித்துக்கெழமைக்கு ரெட்டைப் பேர் போட்டுத்தான் ஆவணும். அதையும் சேத்து எழுதுங்க கிராணி" என்றார் ராமையா.

எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி கோகிலன் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். ஆபீஸ் சன்னலுக்கு வெளியே பனி இறங்கி, எதிரே இருந்த தேயிலை மலையையே காணோம்.

"அங்கிள், இது ஜெயிலு லா. எஸ்டேட் இல்ல. ஞாயித்துக்கெழமை உள்ள இருந்தா ரெண்டு நாளுன்னு எவன் கணக்குப் போடுவான்?"

"ஏன் போட மாட்டான்? லீவு நாள்ல நம்மள மலைக்கு எறக்குனா ரெட்டைப் பேர் உண்டா இல்லையா? நோன்புப் பெருநாளு, சீனப் பெருநாளு, தீபாவளி எல்லாத்துக்கும் எம் பையன் உள்ளதான் இருந்தான். ஒரு நாளு லீவு எடுத்தானா?"

கோகிலன் டிப்ளமா படித்தவன். இருந்தாலும் மேசைக் காலண்டரை எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. மழை வந்து பாதியில் திரும்பினால் அரைப் பேர். லீவு நாளில் இறங்கினால் இரட்டைப் பேர். தலை நரைக்கும் வரை ராமையா இந்த உலகத்தை இந்த ஒரே அளவுகோலால்தான் அளந்திருந்தார். அதைச் சிறைச்சாலை மட்டும் ஒத்துக்கொள்ளாது என்றால் அவருக்கு எப்படிப் புரியும்?

மகன் ரூபன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் முட்டைக்கோசுக்கு அடியில் வரி கட்டாத சிகரெட்டுப் பெட்டிகளும் பயணம் செய்தன. கம்போங் ராஜாவில் ரோட்டை மறித்த போலீஸ்காரர்களுக்கு அன்றைக்கென்று முட்டைக்கோசின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தண்டனை இரண்டு வருடம். ஒழுங்காக நடந்துகொண்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. கழிவெல்லாம் போக விடுதலைத் தேதி, பொங்கலுக்கு முந்தின வாரம் என்று வந்திருந்தது.

அங்கேதான் இடித்தது. டிசம்பர் முடிவோடு ராமையாவுக்கு வேலை ஓய்வு. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வீட்டில் ஒருவர் அதற்குள் தோட்டத்து வேலையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் வீடு தங்கும். மனைவி சீதா முழங்கால் வலியால் எப்போதோ வேலையை விட்டு நின்றுவிட்டாள். மிச்சம் இருப்பது ரூபன். அவனோ வீடு பறிபோன கையோடு வெளியே வருவான் போலிருந்தது.

ராமையாவின் தாத்தா, அப்பா எல்லாரும் அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார்கள். பிரிஞ்சாங் டவுனில்கூட அவருக்குத் தெரிந்தவர் என்று ஒருவர் கிடையாது. அந்த வீடு போனால் எங்கே போய்ப் படுப்பது?

ஆனால் கணக்கில் பிழை இருந்தது. அதை ராமையாவே கண்டுபிடித்தார். பிடிபட்டதும் ரூபன் மூன்று மாதத்துக்குக் கிட்டப் போலீஸ் லாக்கப்பில் கிடந்தானே, அந்த நாட்களைச் சிறைக்காரர்கள் சேர்க்கவே இல்லை. நியாயமான கேள்வி. அதை மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"சரி, உங்க இஷ்டம்" என்று கோகிலன் மலாயில் இரண்டையும் சிறைக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்தான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கோகிலன் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"என்னா சொல்றான்?"

"லாக்கப் நாளுக்குக் கோர்ட்டு பேப்பர் வேணுமாம். ஞாயித்துக்கெழமைய பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்ப ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்?"

"இருங்க அங்கிள். உங்க லெட்டரப் பாத்துட்டு மொத்தக் கணக்கையும் திருப்பிப் போட்டிருக்காங்க. கழிவு கொஞ்சம் கூடப் போயிருந்துச்சாம். இப்ப தேதி தைப்பூசம் கழிச்சு."

ராமையா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பொங்கலைத் தீபாவளிக்கு இழுக்கப் போனவர், அதைத் தைப்பூசத்துக்குத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சீதாவிடம் சொன்னபோது அவள் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அப்போ டிசம்பருக்குள்ள வர மாட்டானா?"

"எப்புடி வராம போவான்? நான் விடுவேனா? வந்த மறுநாளே என் கொழுந்து வெட்டற மெஷின அவன் தோள்ல ஏத்திப்புட மாட்டேன்?"

சீதா மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அடுத்த வாரமே கோழிகளையெல்லாம் பக்கத்து லைனுக்குக் கொடுத்துவிட்டாள். பாவம், நம்பிக்கை விட்டுப் போச்சு இவளுக்கு என்று ராமையாவுக்குக் கண் கலங்கியது. அந்த வேகத்தில் கோர்ட்டுக்குப் போனார்.

கோர்ட்டு பேப்பர் வாங்குவதற்கு அவர் எத்தனை முறை மலையிறங்கி ஏறினார், எத்தனை வாசலில் நின்றார் என்பதையெல்லாம் சொன்னால் படிப்பவர்களுக்கும் கால் வலிக்கும். வாங்கிவிட்டார். அனுப்பினார். அதிசயமாக, சிறைக்காரர்கள் பிழையை ஒப்புக்கொண்டார்கள். புதுத் தேதி தீபாவளிக்கு அடுத்த வாரம்!

அன்று ராமையா கோகிலனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எஸ்டேட் மானேஜர் துரையும் நல்ல மனதோடு, "உன் பையன் டிசம்பருக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டா வீடு உனக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த மாதம் மகனைப் பார்க்கும் நாளில் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். பார்ப்பது என்று சொல்வது சீதாவுக்குத்தான் பொருந்தும். மகனைத் தேடி லைன் வீட்டு வாசலுக்குப் போலீஸ் வந்த அன்றே ராமையா மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். அவன் வெளியே வந்து தன் காலில் விழும் வரை அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, முகத்திலும் முழிப்பதில்லை என்று. அதனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சீதா ரிசீவரைக் காதில் வைத்து மகனோடு பேசுவாள். ராமையா தள்ளி ஒரு பெஞ்சில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அவன்கிட்ட தேதி முன்னாடி வந்துருச்சுன்னு சொல்லிரு. அப்பன் சண்டை போட்டு வாங்குனதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். சீதா விம்முவது மட்டும் அவர் காதில் விழுந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நாள்கூட ஆகவில்லை, சிறையிலிருந்து இன்னொரு கடிதம்.

"அங்கிள், ரூபன் போர்வை மடிக்க மாட்டேன்னுட்டானாம்" என்றான் கோகிலன்.

"என்னது?"

"காலையில எல்லாரும் போர்வைய மடிக்கணும். இவன் முடியாதுன்னு நின்னுருக்கான். மூணு தடவ. ஒழுங்கு மீறல்னு கழிவுல கைய வச்சுட்டாங்க. தேதி ஜனவரி மூணு."

"போர்வைக்கா? ஒரு போர்வைக்கா?" ராமையாவின் குரல் கிரீச்சிட்டது. "பழி வாங்குறானுங்க கிராணி! கணக்குல தப்பு கண்டுபிடிச்சேன்ல, அந்தக் கோவம்!"

டிசம்பர் முப்பத்தொன்றுக்கும் ஜனவரி மூன்றுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு மனிதனைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ராமையா அன்று இரவு சாப்பிடவில்லை. சீதா மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்கு அப்படித்தான் பசிக்கும் என்று அவர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

மறுநாள் சிறைக்கு மூன்றாவது கடிதம். இந்த முறை ராமையா இறங்கி வந்துவிட்டார்.

"எம் பையனுக்குப் போர்வை மடிக்கத் தெரியாது, அவங்கம்மாதான் மடிப்பா, அது நாங்க வளத்த குத்தம்னு எழுதுங்க."

"சரி."

"ஞாயித்துக்கெழமைக்கு ரெட்டைப் பேர் கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதுங்க."

"அது தேவையில்ல லா அங்கிள், அவங்க மறந்திருப்பாங்க."

"எழுதுங்க கிராணி! அந்தக் கோவந்தான் அவனுங்களுக்கு."

கோகிலன் எழுதினான். வளர்த்த குற்றத்தைத் தகப்பனே ஒப்புக்கொண்ட கடிதம் அந்த அதிகாரிகளுக்கு அதற்கு முன் வந்ததில்லை போலும். இரக்கப்பட்டு, பிடித்த நாட்களில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேதி கிறிஸ்துமஸ் வாரம்.

ராமையா பிரிஞ்சாங்கில் ரூபனுக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் வாங்கினார், மலைக்கு இறங்க. சீதா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளவு சரியா இருக்குமா?"

"இருக்குங்க" என்றாள். "உங்க அளவுதான் அவனுக்கும்."

அந்த வாரம் மறுபடி மகனைப் பார்க்கப் போனார்கள். மறுபடி முதுகு, மறுபடி பெஞ்சு, மறுபடி சீதாவின் விம்மல். "பத்திரமா இருக்கச் சொன்னியா?" என்று வழியில் கேட்டார். "சொன்னேங்க" என்றாள்.

மூன்றாம் நாள் கோகிலனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லைனுக்கு வந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் ராமையா வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்னா, திரும்பப் போர்வையா?"

"இல்ல அங்கிள். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக் கூரை மேல வீசிட்டானாம். சாப்பாட்டோட."

ராமையா வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். தேதி பொங்கலுக்கு அப்புறம் போய்விட்டது. டிசம்பர் பாதி ஓடிவிட்டது. அன்று மத்தியானமே வீட்டை அளக்க ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். அடுத்த மாதம் புது ஆட்கள் வருகிறார்களாம், சுவரில் சாயம் அடிக்க வேண்டுமாம். தன் கண் முன்னால் தன் அப்பா செத்த அறையின் நீள அகலத்தை ஒருவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டபோது, ராமையாவுக்குச் சத்தியம், மானம், மாரியம்மன் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

"நான் போறேன். அவன்கிட்டயே பேசிடறேன். மாரியம்மாகிட்ட அப்பறம் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நானும் வரேங்க" என்று சீதா அவசரமாக எழுந்தாள்.

"நீ முட்டிய வச்சுக்கிட்டு மறுபடி எங்க வருவ? இரு."

"நீங்க தனியா போவாதீங்க!"

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை. தன் மேல் எவ்வளவு பாசம் என்று உருகியபடியே பஸ் ஏறினார்.

சிறையில் ரூபனைப் பார்க்க விடவில்லை. தட்டு வீசியவனுக்குத் தண்டனை நாளாம், யாரையும் பார்க்கக் கூடாதாம். ராமையா வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சைஃபுல் என்ற வார்டன் வெளியே வந்து அவரைத் தூக்கி நிறுத்தினான். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன். பார்க்க வருகிறவர்கள் கைதிகளோடு பேசுவதை இன்னொரு ரிசீவரில் கேட்டுக்கொண்டிருப்பது அவன் வேலை.

"தம்பி, உங்க பெரியவங்க கால்ல வேணா விழறேன்" என்றார் ராமையா. "கணக்கு கேட்டது தப்புத்தான். இனிமே கேக்க மாட்டேன். எம் பையன் மேல பழி வாங்காதீங்க. அவன் டிசம்பருக்குள்ள வரலைன்னா எனக்கு வீடு இல்ல. படுக்கத் தெருவுதான்."

"ஐயோ அங்கிள், எந்திரிங்க. யாரும் பழி வாங்கல. உங்க பையன் தங்கமான பையன் லா. போர்வை மடிக்கறதுல அவனை மிஞ்ச ஆள் கெடையாது."

"அப்பறம் ஏன் மடிக்க மாட்டேன்னான்? ஏன் தட்டைத் தூக்கி வீசுனான்?"

சைஃபுல் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வீசிட்டு வந்து எங்ககிட்ட மன்னிப்பும் கேட்டுக்கறான் அங்கிள். நானும் கேட்டும் கேக்காத மாதிரிதான் இருந்தேன், மனசு கேக்கல, அதான் சொல்றேன். 'உங்கப்பா வீட்டுச் சாவிய ஆபீஸ்ல குடுக்கற வரைக்கும் எதையாச்சும் பண்ணி உள்ளயே இருந்துக்கடா, முன்னாடியே வெளிய வந்தீன்னா அந்த மெஷின உன் தோள்ல ஏத்தி ஆயுசு முழுக்க மலையிலயே பூட்டிப்புடுவாரு'ன்னு மாசாமாசம் அந்தக் கண்ணாடி முன்னாடி உக்காந்து அழுது சொல்லிக் குடுக்கறதே உங்க வீட்டம்மாதான்."