வலிக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள்

கீழக்கரை

பிரியமுள்ள மச்சான் அப்துல் ஹாதிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்டவனாக எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் லாத்தா தாஜுன்னிசா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். என் மனைவியானாலும் உங்கள் அக்காளைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். நாளை தோஹாவுக்கு விமானம் ஏறும் நம் தெருப் பையன் ஃபஹத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இந்தக் கடிதம் லாத்தாவின் பித்தப்பைக் கல்லைப் பற்றியது. போன மாதம் மஞ்சள் காமாலை வந்ததே, இன்னொரு தடவை அப்படி வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே எடுத்துவிட வேண்டும் என்று ராமநாதபுரம் டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ, "மவுத்துக்குப் பயமில்ல, அறுத்த பெறகு வலிக்குமே, அதுக்குத்தான் பயம்" என்கிறாள். முதலில் நான் செய்துகொண்டால் அவளுக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன். சரியாகத்தான் நினைத்தேனா என்று இப்போது தெரியவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பின், கையில் ஒரு மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக, ஆபரேஷன் முடியும்வரை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். தூக்கம்தான், கூப்பிட்டால் விழிப்பு வரும். இது ஏறினால் பிறகு வரும் வலியும் குறையும், வலி ஊசியும் குறைவாகப் போதும் என்றார் மயக்க டாக்டர். எல்லோருக்கும் ஒன்றுபோல இராது என்றும் சொன்னார். அதை மறைப்பது நியாயமில்லை. எனக்கு வலிக்கவில்லை. கூச்சத்தில் அப்படிச் சொல்கிறேனோ என்று என்னையே சந்தேகித்து, கட்டுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பார்த்தேன். அப்போதும் வலித்ததாகச் சொல்ல முடியாது.

வினை என் வாயால் வந்தது. நர்ஸ் வந்து, "அய்யா, வலி எப்பிடி இருக்கு?" என்றதும், பழக்கத்தில், "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"அப்பிடின்னா வலிக்குதா, வலிக்கலையா?"

லாத்தா குறுக்கே விழுந்தாள். "இவுகள்ட்டயா கேக்குறீக? தேள் கொட்டுனப்பவும் அல்ஹம்துலில்லாஹ்னுதான் சொன்னாக. கல்யாணம் முடிஞ்ச நாள்லேருந்து எதையும் வலிக்குதுன்னு சொன்னதில்ல."

"இல்ல தாஜு, நெசமாவே வலிக்கல."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள். பார்க்க வந்த சபியா மாமியிடம், "உள்ளுக்குள்ள துடிச்சுக்கிட்டுக் கெடக்காக" என்று சொல்லி அழுதாள். மாமியும் அழுதார். எனக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

ஆகவே மச்சான், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். அவளுக்கும் அந்த மருந்தைக் கொடுக்கலாமா என்று விசாரித்தேன். இருதயத்தைச் சோதித்துவிட்டுக் கொடுக்கலாமாம். எனக்கு வலிக்கவே இல்லை என்று ஒரு வார்த்தை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தும் பிள்ளைகளுக்கு நல்ல ஆரோக்கியமும் நிறையட்டும்.

ஸலாத்துடன்,
நெய்னா முகம்மது

பின்குறிப்பு: மேலே எழுதியபடி எதையும் சொல்ல வேண்டாம். இதை எழுதி முடித்து வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்த இடத்தில், மீன் ஆணத்தின் காரம் ஏறி இருமிவிட்டேன். தையல் இழுத்தது. தெருவுக்கே கேட்கும்படி "உம்மா" என்று கத்திவிட்டேன். மன்னிக்கவும், இதை எழுதும்போதும் வலிக்கிறது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். லாத்தா கரண்டியும் கையுமாக வந்து நின்று, என்னையே பார்த்தாள்.

"வலிச்சா நீங்க கத்துவீகளா?"

"ஆமா."

"அப்ப ஆஸ்பத்திரியில கத்தாதது?"

"வலிக்கல."

"சரி, அந்த மருந்து ஏத்துற டாக்டரு இருக்குற நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.