மேற்கே நகர்ந்த போர்க்களம்

“நீ காட்டுதியா, இல்ல ஒலி முகம்மதுவக் கூப்பிடட்டுமா?” என்றார் லாட்ஜ் மேனேஜர் சிவனணைந்தபெருமாள்.

ஜட்கா வண்டிக்காரன் தாணு தலையைச் சொறிந்தான். மதுவிலக்குக் காலம், குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அருவியை விட்டால் பொழுதுபோக்கு ஏது? ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் தில்லைநாயகத்துக்கு அருவி வேண்டாமாம். பாண்டியன் சேரனை அடித்து விரட்டிய போர்க்களம்தான் வேண்டுமாம். அது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேர் ஒத்துச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. போன வருசம் ஒலி முகம்மது காட்டிவிட்டானாம், பாவி! தாணு காட்டாவிட்டால் இனி லாட்ஜ் வாசலில் அவன் வண்டிதான் நிற்கும்.

“இதென்ன பிரமாதம் அண்ணாச்சி! கண்ணக் கட்டிவிட்டாலும் என் குதிரை போவும்.”

வாத்தியாரின் மனைவி முத்துவடிவு ஒரு காலி ஃபிளாஸ்க்கையும் காராச்சேவுப் பொட்டலத்தையும் வண்டியில் வைத்தாள். “ரிட்டயர் ஆயும் ஆராய்ச்சிதான். பாத்துக் கூட்டிட்டு வாப்பா.”

“ஃபிளாஸ்க் எதுக்கு சார்வாள்?” என்றான் தாணு.

“போர்க்களத்து மண்ணு எடுக்க.”

இலஞ்சி தாண்டி ஒரு பொட்டலில் தாணு வண்டியை நிறுத்தினான். “இங்கனதான் சார்வாள், சேரன் தலை உருண்டது!”

வாத்தியார் இறங்கி, காற்றை ஒரு தடவை மோந்து பார்த்தார். “இது இல்லப்பா. இன்னும் மேற்க.”

தாணு விடுவானா? செங்கோட்டை வந்ததும் கதையை மாற்றினான். “தலை உருளல சார்வாள். சேரன் தப்பிச்சு ஓடியாந்து, இங்கன திரும்பி நின்னுல்லா அடிச்சான்!”

“ஓடுதவன் பாதியில எதுக்குலே நிக்கான்? வீட்டப் பாத்துல்லா ஓடுவான்! மேற்க விடு.”

நம்ம வாயாலேயே கெட்டோமே என்று தாணு தலையில் அடித்துக்கொண்டான். சாரல் பிடித்துக்கொண்டது. குதிரை நுரை தள்ளியது. புளியறை செக்போஸ்ட்டே வந்துவிட்டது. அதற்கப்பால் கேரளா.

“சார்வாள், இதுக்கு மேல பாண்டியனே போவல!” அழாத குறையாகச் சொன்னான் தாணு. “எனக்கு எடம் தெரியாது. பொய் சொல்லிட்டேன். மேனேஜர் அண்ணாச்சிகிட்ட சொல்லிராதீய, என் பொழப்பு போயிரும்.”

வாத்தியார் காதில் ஒன்றும் விழவில்லை. கழுத்தை நீட்டி எல்லைக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்போஸ்ட் ஓரத்து டீக்கடை வீரபாகு அவரைக் கண்டதும் கும்பிட்டபடி ஓடிவந்தான்.

“வாங்க சார்வாள்! ஒங்க போர்க்களம் இப்பம் பழைய எடத்துல இல்ல. கள்ளுக்கடைய இன்னும் ஒரு பர்லாங் மேற்க தள்ளி வச்சிட்டாவ!”