அஞ்சு கல்லும் மூன்றாம் சொல்லும்

உலகத்திலேயே மின்சாரம் இல்லாமல் கொம்பியூட்டர் ஓட்டிய ஒரே நிறுவனம் எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடைதான். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்புப் பக்கம் ஆரையும் கேட்டுப் பாருங்கள். தொண்ணூற்றிரண்டில், சண்டைக்காலத்தில், எங்களிடம் கறண்ட் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. ஆனால் மனேச்சர் இளையதம்பி இருந்தார். கொழும்பிலே மூன்று மாதம் கொம்பியூட்டர் 'கோர்ஸ்' படித்தவர். நான் அவருக்குக் கொப்பி எழுதுகிற லிகிதர்.

மண்ணெண்ணெய்க்குச் சனம் முண்டியடித்தபோது அவர் முழங்கினார்:

"ஆயிரம் பேர் ஒரேயடியாய்க் கதைக்க வந்தாலும் கொம்பியூட்டர் பதறாது. வாறவர் 'வந்திட்டன்' எண்டோணும். நாங்கள் 'பதிஞ்சாச்சு, நிக்கிறியளோ?' எண்டு கேப்பம். அவர் 'ஓம், நிக்கிறன்' எண்டால்தான் எண்ணெய். அந்த மூண்டாம் சொல் வருமட்டும் இடம் அவருக்குத்தான். இருக்க வாங்கிலை மொத்தம் அஞ்சு இடம்."

"ஆறாவதாய் வாறவருக்கு, ஐயா?"

"மறுமொழியே சொல்லப்படாது. இல்லையெண்டும் சொல்லப்படாது. அவராய்ப் போய், அவராய் வருவார். முகத்தைப் பாக்கிறதும் இல்லை, சொல்லைத்தான் பாக்கிறது."

என்ன ஞானம்! எனக்குப் புல்லரித்துப்போச்சு.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே வாங்கில் அஞ்சு கல் இருந்தன. எங்களூரில் கல் வைத்தால் ஆள் நிற்கிற மாதிரி. அதை நகர்த்துகிறவன் மனிசனேயில்லை. கொப்பியிலும் அஞ்சு பேர், மனேச்சரின் வடிவான கையெழுத்தில், 'பதிவாகி' இருந்தார்கள். நான் முறைப்படி முதற்பேரைக் கூப்பிட்டேன்: "சிவக்கொழுந்து, நிக்கிறியளோ?" கல் பேசவில்லை. காத்திருந்தேன்.

எட்டு மணிக்கு லூர்த்தம்மா வெறும் போத்தலோடு வந்தா. "தம்பி, மகளுக்கு நாளைக்குக் கணக்குச் சோதினை. விளக்குக்கு ஒரு போத்தல் எண்ணெய் இருந்தால் காணும்."

நான் விதிப்படி முகட்டைப் பார்த்தேன். போனா. ஒன்பதுக்கு வந்தா, முகடு. பதினொன்றுக்கு வந்தா, முகடு. பிறகு மூன்று மணிக்குத்தான் வந்தா. இப்படி இடைவெளி இரட்டிக்கிறதும் கொம்பியூட்டர் இலட்சணம்தான் என்று மனேச்சர் பூரித்துவிட்டு உள்ளே சாயப் போனார்.

"உனக்கென்ன வாய் அடைச்சுப்போச்சோ? பெட்டை இருட்டுக்கை இருந்து என்னெண்டு படிக்கிறது?" லூர்த்தம்மா அழுதுவிட்டா.

எனக்கும் பாவமாய்த்தான் இருந்தது. ஆனால் விதி விதிதானே. மனம் தேற என் கடமையைச் செய்தேன்: "சிவக்கொழுந்து, நிக்கிறியளோ?"

லூர்த்தம்மா கண்ணைத் துடைத்தா. கல்லைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"ஓம், நிக்கிறன்!"

மூன்றாம் சொல்! முகம் பார்க்கக்கூடாது. போத்தல் கழுத்து முட்ட ஊற்றிக் கொடுத்தேன்.

கதிரை சரிய மனேச்சர் விழுந்தடித்து ஓடி வந்தார். "ஐயோ, மடையா! அது என்ரை கல்லடா!"

வெளியே நின்ற சனம் வாசலில் கூடியது. லூர்த்தம்மா போத்தலை இறுக்கி மூடி, சீலைத்தலைப்புக்குள் அணைத்துக்கொண்டு, ஆறுதலாய்க் கேட்டா:

"அப்ப மற்ற நாலும் ஆற்றை கல்லு, மனேச்சர்?"

மனேச்சர் முகட்டைப் பார்த்தார். விதியை அவரைப்போலக் கடைப்பிடித்த மனிசனை நான் இன்றுவரை கண்டதில்லை.