அஹமது பாஷா படித்த நாவல்

இந்தக் கோடையில் ஒரு முழு நாவலைப் படித்து முடிப்பதென்று அஹமது பாஷா முடிவெடுத்தார். பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம் அவருக்கு. ஐம்பத்திரண்டு வயதில் அவர் முழுசாகப் படித்திருந்தவை கரண்ட் பில்லும் கல்யாணப் பத்திரிகையும்தான். ஆனால் நூலகர் கோதண்டபாணி பத்துப் பேர் எதிரில் சீண்டிவிட்டார்.

"கோடை வாசிப்புப் போட்டி வெச்சிருக்கோம் பாய். அறிவியல் புனைகதை. படிச்சிட்டு மனசுல பட்டதை எழுதணும். பரிசளிப்பு அன்னிக்கு எல்லார் எதிர்லயும் வாசிப்போம். உங்களுக்கு சரிப்படாது."

பாஷாவின் காதில் 'பூனைக்கதை' என்று விழுந்தது. பூனைதானே என்ற தைரியத்தில் பெயர் கொடுத்தார். கையில் வந்தது நானூறு பக்கம். 'செவ்வாயில் ஒரு கிணறு'. புரட்டிப் பார்த்தார். ஒரு பூனைகூட இல்லை. அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்தது. மறுநாள் அதே பக்கத்தில் அதே தூக்கம். அதற்கும் மறுநாள் யோசனை வந்தது.

"ஷமீம், ஜரிகை பார்த்துப் பார்த்து கண்ணு கூசுது. நீ படிச்சு சொல்லேன். நான் கேட்டுக்கினு எழுதிக்கிறேன்."

மனைவி ஷமீம் பானு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "படிக்கிறது நான், பேரு உங்களுக்கா?"

"நமக்கும்மா. ரெண்டு பேருக்கும்."

"சரி," என்றாள். இவ்வளவு லேசாக அவள் சரி சொன்னபோதே பாஷா உஷாராகியிருக்க வேண்டும். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மதியம் கடையைச் சாத்திவிட்டு வருவார். சாப்பிட்டதும் ஃபேனுக்கு நேர் கீழே பாஷா பாய், பாயில் சாய்வார். அவள் படிப்பாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

"கேப்டன் ஜோசுவா செவ்வாயிலேர்ந்து பேசினா, பூமிக்கு வந்து சேர இருபது நிமிஷம் ஆவுதாம். கேட்டுக்கினு இருக்கீங்களா?"

குறட்டைதான் வந்தது.

"பூமியிலயே அப்படித்தான் இருக்குது," என்று அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

சாயங்காலம் டீயோடு கேட்பார்: "நான் கொஞ்சம் அசந்த இடத்துல என்னா ஆச்சு?" அவள் சுருக்கிச் சொல்வாள். ஒரு நாள் சொன்னாள்:

"இன்னிக்கு முக்கியமான கட்டம். கேப்டன் சம்சாரம் விண்கலத்துல ஓயாம வேலை செய்யுறா. கேப்டன் பாத்தான். வெக்கமா போச்சு. அன்னியிலேர்ந்து எல்லா பாத்திரத்தையும் அவனே கழுவுறான்."

"கேப்டனா கழுவுறான்?"

"விண்கலமா இருந்தாலும் கலம் கழுவித்தானே ஆவணும்."

அந்த வரி பாஷாவுக்குப் பிடித்துவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டார். ஷமீம் போட்டிப் படிவத்தை நீட்டினாள். 'இந்த நாவல் உங்களிடம் என்ன மாற்றத்தை ஏற்படுத்தியது?' என்று கடைசியில் ஒரு கேள்வி.

"இதுக்கு என்னா எழுதுவீங்க?"

"பாத்திரம் கழுவ ஆரம்பிச்சிட்டேன்னு எழுதிடுறேன்."

"அத்தனை பேர் எதிர்ல பொய்யா படிப்பீங்க?"

ஜரிகையில் கலப்படம் செய்யாத மனுஷர். எழுத்தில் மட்டும் செய்வாரா? அன்றைக்கே குழாயடியில் உட்கார்ந்தார். மூன்று வாரம் கழுவினார். பிரியாணி அடிப்பிடித்த தேக்சாவைக்கூட முட்டி போட்டுத் தேய்த்தார். விண்வெளி கேப்டனே செய்கிற வேலை என்பதால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே செய்தார். கடைக்கு வருகிறவர்களிடமும் சொன்னார்: "நாவல் படிச்சா மனுஷன் மாறுவான்ப்பா."

பரிசளிப்பு நாளில் நூலகத்தில் நாற்பது பேர். இஸ்திரி ஜிப்பாவில் போய் நின்று, பாஷா கணீரென்று வாசித்தார்.

"விண்கலம் ஓட்டுகிறவனும் கலம் கழுவலாம். மனைவிக்காகக் கேப்டன் பாத்திரம் தேய்த்த அத்தியாயம் என்னைப் புரட்டிப் போட்டது."

கைதட்டல் ஓயும்வரை கோதண்டபாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"பாய், கேப்டனுக்குக் கல்யாணமே ஆவலையே. செவ்வாயில அவர் தனியாத்தானே இருக்காரு."

கூடம் சிரித்தது. பாஷா ஷமீமைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"முதல் பரிசு, ஷமீம் பானு," என்று கோதண்டபாணி இன்னொரு தாளை எடுத்தார். அவளும் போட்டியில் இருப்பதே பாஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நூலகர் வாசித்தார்:

"செவ்வாயில் ஒருவன் தண்ணீருக்காகத் தனியாகத் தோண்டுகிறான். கேட்க ஆளில்லாத இடத்திலும் பேசிக்கொண்டே தோண்டுகிறான். தூங்குகிறவருக்கு மதியம்தோறும் உரக்கப் படித்தபோது எனக்கு அவன் புரிந்தான். அதனால் நாவலில் இல்லாத ஓர் அத்தியாயத்தை நானே சேர்த்தேன். அது மூன்று வாரமாக எங்கள் வீட்டில் நடக்கிறது."

பாஷாவின் காது மடல் சிவந்தது. அப்புறம் அந்த வரிகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. நானூறு பக்கம். இந்தக் கத்திரி வெயிலில். சமையலுக்கும் டீக்கும் நடுவில். இப்படி எழுதுகிறவளோடா இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் செய்கிறோம்? முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் அவர்தான். "எங்க வீட்டம்மா," என்று முன்வரிசை, பின்வரிசை எல்லோரிடமும் சொன்னார். எல்லோருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்.

"நெஜமா அந்தக் கேப்டன் கடைசில என்னா ஆனான்?"

"கிணறு வெட்டி முடிச்சான். தண்ணி வந்துச்சு." ஷமீம் கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி வந்ததும் மொதல் வேலையா அவன் துணியை அவனே தோச்சிக்கினான்."

பாஷா தலையாட்டினார். நாவல் அவர் மடியில்தான் இருந்தது. பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, மொட்டை மாடிக் கொடியில் தன் ஜிப்பாவைத் தானே பிழிந்து காயப்போட்டார்.