மரியாதைக்கு வந்த கை

மரியாதையால் ஒரு மனிதன் கெட்டுப்போக முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்தவர் எங்கள் 'பரவால்லீங்க' அண்ணன்தான். கணபதி ஏரியாவில் நான் குடியிருந்த சந்தில் எதிர்வீடு. பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறையில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டினார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்; நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து, "கொஞ்சம் நகந்துக்கறீங்களா?" என்பார். நாய் நகராமல் வாலை ஆட்டும். இவர் சுற்றிக்கொண்டு போவார். ஒருநாள் இவருடைய சைக்கிளை எவனோ தள்ளிக்கொண்டு போனான். "ஏனுங்க, முன் பிரேக் புடிக்காதுங்க, பாத்துப் போங்க" என்று கூப்பிட்டுச் சொன்னார். திருடன் மிரண்டுபோய் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். "என்னமோ அவசரமாட்ட இருக்குது, பாவம்" என்று அன்று முழுக்க வருத்தப்பட்டார்.

பிரஸ்ஸில் வலது கை மாட்டியபோதுகூட மனிதர் அலறவில்லையாம். "ஏனுங்க, மெஷினக் கொஞ்சம் நிறுத்திப்போடறீங்களா?" என்று கேட்டாராம். பட்டறைச் சத்தத்தில் யார் காதில் விழும்? மறுபடியும், "சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க" என்று சேர்த்துக் கேட்டிருக்கிறார். விரல்கள் தப்பின. பிடிதான் போய்விட்டது. சோறு பிசையக்கூட அந்தக் கை உதவவில்லை.

அதற்குத் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து மாதாமாதம் ஊனத் தொகை வரவேண்டும். வராவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு, புருசன் பொண்டாட்டி இரண்டு பேரும் திருப்பூரில் மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காது.

மெடிக்கல் போர்டு டாக்டர், "வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறார். நம்மாள் வேறென்ன சொல்லியிருப்பார்?

"பரவால்லீங்க."

"வேலை செய்ய முடியுதா?"

"ஏதோ உங்க புண்ணியத்துலீங்க."

வலி இல்லை, ஊனம் இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். கூடவே ஒரு வரி: 'நான் கொடுத்த சீட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.'

அதைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனை மாடிவீட்டு வக்கீலம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா அப்பீல் போட்டார். "இந்தத் தடவ கேட்டா வலிக்குதுன்னு சொல்லோணுங்ணா. 'பரவால்லீங்க'ங்கறது மட்டும் வாயில வரப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாரக்கணக்கில் ஒத்திகை நடந்தது. டாக்டர் வேஷம் எனக்கு.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"சபாஷ்!"

"ஆனா உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?"

வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பீல் நாளும் வந்தது. கோர்ட் வராந்தாவில் டாக்டரைப் பார்த்ததும் அண்ணன் ஓடிப்போய், "நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று விசாரித்தார். டாக்டரே நெளிந்தார்.

உள்ளே டாக்டர் தன் அறிக்கையை அப்படியே சொன்னார். நீதிபதியம்மா கண்ணாடிக்கு மேலாக அண்ணனைப் பார்த்து, "சீட்டை ரெண்டு கையிலயும் வாங்குனீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு கையிலதானுங்க வாங்குனேன். டாக்டர் பொய் சொல்லுவாருங்களா?"

வக்கீலம்மா நாற்காலியில் சரிந்தார். எனக்குத் திருப்பூர் பஸ் கண்முன் தெரிந்தது.

அண்ணன் தயங்கித் தயங்கி மேலே பேசினார். "பெரியவங்க குடுக்கறத இடது கையில மட்டும் வாங்கலாமுங்களா? அதான் வலது கையையும் கூட்டிட்டுப் போனேனுங்க. அது மரியாதைக்கு வந்துச்சுங்க. புடிக்கறதுக்கு வரலீங்க."

நீதிபதியம்மாவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. மேஜை மேலிருந்த தடிமனான ஃபைலை எடுத்து நீட்டினார். "இத வலது கையில மட்டும் வாங்குங்க."

"ஒத்தக் கையிலீங்களா?"

"ஒத்தக் கையிலதானுங்க."

கூச்சத்தோடு நீட்டினார். ஃபைல் விரல்களுக்குள் நிற்காமல் வழுக்கி, பொத்தென்று டாக்டரின் கால்மேல் விழுந்தது. அண்ணன் பதறிக் குனிந்து, "மன்னிச்சுக்குங்க" என்றார். ஃபைலிடம் கேட்டாரா, காலிடம் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டர் நல்ல மனிதர். எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்க. வலிக்குதா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். வக்கீலம்மாவைப் பார்த்தார்.

"வலிக்குதுங்க." கண் கலங்கிவிட்டது. "ரொம்ப வலிக்குதுங்க."

ஒத்திகையில் அவர் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. அந்தக் கை இத்தனை நாளும் அப்படி வலித்திருக்கிறது என்பது எதிர்வீட்டுக்காரனான எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் நீதிபதியம்மா பக்கம் திரும்பினார். "நான் எழுதுனது தப்புங்க மேடம். மாத்தி எழுதித் தர்றேன்."

ஜெயித்துவிட்டோம்! தொகை உண்டு என்று தீர்ப்பு வந்த அன்று எங்கள் சந்தில் தீபாவளிதான். நான் வைத்த சரவெடியில் நாய்கூட முதல்முறையாக வாசலை விட்டு நகர்ந்தது. திருப்பூர் மாப்பிள்ளை, விருந்தாளியாக மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அண்ணன் வீடுவீடாக இனிப்பு கொடுத்துக்கொண்டு வந்தார். இடது கையில் மைசூர்பாகு டப்பா. அதன் அடியில், ஒன்றையும் தாங்காமல், மரியாதைக்காக வந்து நின்றது அந்த வலது கை.

"எடுத்துக்குங்க."

யார் எதை நீட்டினாலும் போனைப் பார்த்தபடியே ஒற்றைக் கையால் பிடுங்குகிற ஆள் நான். அன்று போனை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.