பச்சடி டபுள்

ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வந்துவிடுகிறது. யாராவது ஒருவர் வாயைத் திறந்து "எனக்குப் புரியலை" என்று சொல்லும்வரை நிம்மதி இல்லை. முன்பு நான் இப்படி இல்லை. தலையாட்டலை வெற்றி என்று நம்பிய அப்பாவிக் காலம் எனக்கும் ஒன்று இருந்தது. அது ஹைதராபாத்தில் ஒரு மதியச் சாப்பாட்டோடு முடிந்துபோனது.

மதுரையில் ஒரு ஹோட்டலில் பல வருஷம் ஷிப்ட் ஷிப்டாக நின்று கால் வீங்கியவள் நான். கணவருக்கு மாற்றலாகி ஹைதராபாத்தில் ஹப்சிகுடாவுக்குக் குடிவந்ததும், இனி யாருக்கும் சல்யூட் அடிப்பதில்லை என்று முடிவெடுத்துக் கன்சல்டன்ட் ஆனேன். (அம்மா அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, "அங்க கேன்டீன் வச்சிருக்கா" என்று சொல்லி முடித்திருந்தாள்.) எட்டு மாதம் விசிட்டிங் கார்டு மட்டும்தான் இருந்தது, விசிட்டர் யாரும் வரவில்லை. அப்புறம் கிடைத்தது முதல் வேலை. ஊரின் மறுகோடியில், கொண்டாப்பூரைத் தாண்டி ஒரு பெரிய ஐடி கம்பெனி வளாகம். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கும் கேன்டீனை எடுத்துவிட்டு, மேஜையில் உட்கார்ந்தால் பரிமாற ஆள் வருகிற மாதிரி நிஜமான ரெஸ்டாரண்ட் ஒன்றைத் திட்டமிட வேண்டும். வெள்ளோட்டச் சாப்பாடு பிடித்தால் வேலை எங்களுக்கு. பிடிக்காவிட்டால் நான் மறுபடியும் ஏதாவது ஹோட்டல் வாசலில் புடவைக்குப் பின் குத்திக்கொண்டு சிரிக்கப் போக வேண்டியதுதான்.

'எங்களுக்கு' என்றால் மூன்று பேர். பரிமாறும் முறைக்கு நான். சமையலறை அமைப்புக்குச் சேவியர் அங்கிள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம், ஓய்வுபெற்ற இன்ஜினியர். மெனுவுக்குச் சுஜாதா காரு (தெலுங்கில் 'காரு' மரியாதைக்கு), குண்டூர்க்காரர், கை நிறையத் திறமை, அதைவிட நிறைய மிளகாய். ஆறு வாரம் மாறி மாறிக் கூட்டம் போட்டோம். ஹப்சிகுடாவிலிருந்து அந்த வளாகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விடும், மீதி பாதி கூட்டத்தில் போகும். அடுப்புக்கும் மேஜைக்கும் எத்தனை அடி என்று ஒரு முழு நாள் பேசினோம். தட்டு சதுரமா வட்டமா என்று இரண்டு நாள்.

ஒரே ஒரு சண்டைதான் தீரவில்லை, காரம். வளாகத் தலைவர் கல்கத்தாக்காரர், ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அல்சர் என்று அட்மின் பெண் முதல் நாளே எங்கள் காதில் போட்டிருந்தாள். சுஜாதா காருவோ ஒரு மிளகாயைக்கூடக் குறைக்க மாட்டார். அப்போதுதான் அந்தச் சமாதானத் திட்டம் எனக்கு உதித்தது. காரம் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு சின்ன மண் சட்டியில் பச்சடி வைப்போம், சட்டிக்கு மூடி போட்டு, பரிமாறுபவர் மேஜையில் வைத்துத் திறக்கட்டும் என்றேன். (மூடி என் சொந்த யோசனை. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.)

சுஜாதா காருவின் முகம் மலர்ந்தது. "பிரியாணீதோ கூடானா?" என்று கேட்டார், பிரியாணிக்குமா என்று. பிரியாணிக்குத்தான் முக்கியமாக என்றேன். அவர் என்னை முதன்முறையாக மரியாதையுடன் பார்த்தார்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை. சேவியர் அங்கிளிடம் தமிழிலேயே கேட்டேன், பச்சடி சரியாக வருமா என்று.

"ஹவ் மா, பச்சடி இல்லாம அதென்ன சாப்பாடு? சின்னக் கிண்ணம் நக்கோ, பெருசாவே வை." ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம்; அது செகந்திராபாத் தமிழ்.

மூன்று பேரும் தலையாட்டினோம். பரிமாறும் தாளில், வளாகத் தலைவர் உட்காரும் முதல் மேஜைக்கு நேராக, என் கையாலேயே எழுதினேன்: பச்சடி டபுள்.

வெள்ளோட்ட நாளில் நான் மேடையில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். படங்களைத் தள்ளிக்கொண்டே ஆங்கிலத்தில் விளக்கினேன். முதல் மேஜை இருபதடி தள்ளி இருந்தது, மூடி திறந்த சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று என் இடத்திலிருந்து தெரியாது. "எங்கள் உணவின் இதயம் இந்தப் பச்சடி. காரமாகத் தோன்றினால் தயங்காமல் ஒரு ஸ்பூன் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், வயிறு குளிர்ந்துவிடும்" என்றேன். முந்தின ராத்திரி கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

மற்ற மேஜைகளில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். சட்டியைப் பார்த்ததும் அதற்குரிய மரியாதையோடு விரல் நுனியில் தொட்டுக்கொண்டார்கள். வளாகத் தலைவருக்கு அந்தச் சிவப்பு வேறெதையோ ஞாபகப்படுத்தியிருக்கிறது. அவர்கள் ஊரில் தக்காளிச் சட்னி இனிப்பாக இருக்குமாம். ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் போட்டார்.

அவர் முகம் மாறியது மேடையிலிருந்தே தெரிந்தது. கண்ணில் நீர் தளும்பியது. பிரியாணி காரம் போலிருக்கிறது, பாவம் மனுஷன் என்று எனக்கு மனசு இளகிவிட்டது. மைக்கில் அன்பாகச் சொன்னேன்.

"ஒன் மோர் ஸ்பூன், சார்."

நல்லவர். சொன்ன பேச்சைக் கேட்டார்.

அதன் பிறகு நடந்ததை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. நாற்காலி சாய்ந்தது, தண்ணீர் ஜாடி ஓடியது, அட்மின் பெண் ஐஸ்க்ரீம் டப்பாவோடு பறந்தாள். நான் முதல் மேஜைக்கு ஓடிப்போய்ச் சட்டிக்குள் பார்த்தேன். செக்கச் செவேலென்று, எண்ணெய் மினுங்க, பழுத்த மிளகாயை அப்படியே இடித்து வைத்திருந்தது.

சமையலறையில் சுஜாதா காருவைப் பிடித்துக்கொண்டேன். தயிரும் வெள்ளரிக்காயும் எங்கே என்று கத்தினேன்.

"மீரே கதா மேடம் பச்சடி அன்னாரு?" என்றார். நீங்கள்தானே கேட்டீர்கள் என்கிறார். தயிர் வேண்டுமென்றால் பெருகு பச்சடி என்றல்லவா சொல்ல வேண்டும், வெறும் பச்சடி என்றால் எங்களுக்கு இதுதானே என்றார். பிரியாணிக்கு மேல் மிளகாய்த் துவையல் கேட்கிறார்களே, அதிலும் அல்சர்காரருக்கு டபுள் போடச் சொல்கிறார்களே, தமிழ்க்காரர்களுக்கு என்ன தைரியம் என்று அன்றிலிருந்தே வியந்துகொண்டிருந்தாராம். நான் சேவியர் அங்கிள் பக்கம் திரும்பினேன்.

"எங்க வீட்லயும் இதைத்தான்மா பச்சடின்னுவோம்" என்றார். "நீ தயிரைச் சொன்னியா?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லி அழுதேன். எட்டு வயது மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளை.

"பச்சடி அண்ட்டே காரம் கதா, அம்மா" என்றாள், பச்சடி என்றால் காரம்தானே என்று. இத்தனை நாளாக இதே வீட்டில் நான் பச்சடி பச்சடி என்று போனில் முழங்கியதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஏண்டி முன்னாடியே சொல்லலை என்றேன்.

"நன்னு எவரூ அடகலேது கதா." என்னை யாரும் கேட்கலையே என்கிறாள். இத்தனைக்கும் எங்கள் மூன்று பேருக்கும் கன்சல்டன்ட் என்று பெயர்.

வேலை போய்விட்டது என்றே நினைத்துப் பழைய ஹோட்டல் மேனேஜருக்குப் போன் போட்டு வைத்தேன். ஆனால் அடுத்த வாரம் வளாகத் தலைவரே கூப்பிட்டார். குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருந்தது. மேஜையும் பரிமாறலும் அவருக்குப் பிடித்திருந்ததாம். இன்னொரு வெள்ளோட்டம் வைக்கலாம், ஒரே ஒரு நிபந்தனை, இனி எந்தப் பதார்த்தமானாலும் அவர் கண் முன்னால் முதல் ஸ்பூன் நான் சாப்பிட வேண்டும் என்றார். வேலை கையை விட்டுப் போகவில்லை என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். ஒருவர் மட்டும் தலையாட்டினாலும் ஆபத்துதான் என்பது பிறகு புரிந்தது.

இரண்டாவது வெள்ளோட்டம் தேறி, ரெஸ்டாரண்ட் இப்போது நன்றாக நடக்கிறது. வாரா வாரம் மெனு மாறும், வாரா வாரம் முதல் ஸ்பூன் எனக்கு. சுஜாதா காரு இன்னமும் ஒரு மிளகாயைக்கூடக் குறைக்கவில்லை. வளாகத் தலைவர் நான் சாப்பிடும்போது என் கண்ணையே பார்ப்பார். நீர் கோத்தால் தட்டைத் தள்ளிவிட்டுத் தயிர்சாதம் சொல்லிவிடுவார். இப்படியே பத்தியமாக இருந்ததில் அவருக்கு அல்சர் சரியாகிவிட்டது. எனக்கு வந்துவிட்டது.

வீட்டில் கணவர், அன்று மைக்கில் நான் அன்பாகச் சொன்ன அந்த வாக்கியத்தை விடுவதாக இல்லை. நான் காய்ச்சல் மருந்து குடித்து முகம் சுளித்தால் சொல்வார், அம்மா போனில் மூன்றாவது முறை அதே புத்திமதியை ஆரம்பித்தால் சொல்வார். போன வாரம் டாக்டர் எனக்குக் காரம் கூடாது, தயிர் நிறையச் சேர்க்கச் சொல்லி அனுப்பினார். மறுநாள் மதியம் வெள்ளரிக்காய்ப் பச்சடி செய்து, ரெஸ்டாரண்டிலிருந்து கொண்டுவந்திருந்த அந்த மண் சட்டியிலேயே வைத்தேன். மகள் மூடியைத் திறந்தாள். உள்ளே உற்றுப் பார்த்து, வெள்ளைதான் என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு சட்டியை மெதுவாக என் பக்கம் நகர்த்தி, மைக் பிடிக்கிற மாதிரிக் கரண்டியை வாயருகே வைத்துக்கொண்டாள்.

"ஒன் மோர் ஸ்பூன், சார்."