ரசம் கொதிக்கலாமா?

தாயுமானவனுக்குச் சமைக்கத் தெரியாது என்பது ஸ்ரீரங்கம் அறிந்த செய்தி. கல்யாணமான நாளிலிருந்து அவரே பரப்பியது. "எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுங்க" என்பார், ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி. மனைவி பானு காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஓட்டல் பார்சல்தான். அரியமங்கலத்தில் ரூம் எடுத்துத் தங்கிய பிரம்மச்சாரிக் காலத்தில், கூட இருந்தவர்களுக்கெல்லாம் மணக்க மணக்கச் சமைத்துப் போட்ட கதை வெளியே வந்தால் மனிதர் தொலைந்தார்.

பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பச்சைமலைக்குப் போகலாம் என்றாள் பானு. காட்டுக்குள் சின்ன விடுதி. மலைக்கிராமத்துப் பெண்களே நடத்துவது. வருகிற வாடகையில் காட்டுக்கு மரக்கன்று, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன். புண்ணியமும் ஆச்சு, உட்கார்ந்த இடத்தில் சோறும் ஆச்சு! தாயுமானவன் முதல் ஆளாகப் பஸ் ஏறினார்.

இறங்கியதும் விடுதியைக் கவனிக்கிற சந்திரம்மாள் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மத்தியானம் நாங்க கன்னு நடப் போயிடுவோம். அந்த ஒருவேளை சமையல் தங்க வர்றவங்க பொறுப்பு. இங்க அதாங்க வழக்கம்."

தாயுமானவன் அவசரமாகக் கையை விரித்தார். "ஐயோ, எனக்கு அடுப்பு பத்தவைக்கவே தெரியாதுங்க!"

"நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் பானு.

அப்பாடா என்று உட்கார்ந்தார். கண்தான் சும்மா இருக்கவில்லை. அடுப்பில் ரசம் நுரை கட்டியது. பானு இறக்கவில்லை. தளதளவென்று கொதித்தது. அவளோ ஜன்னலில் குருவி பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து ஊருக்குச் சமைத்துப் போடக்கூடியவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது?

"பானு... ரசம்..."

"கொதிக்கட்டுமே. உங்களுக்கு என்ன தெரியும்?"

பல்லைக் கடித்துக்கொண்டார். பானு பெருங்காய டப்பாவைத் திறந்தாள். அப்படியே கவிழ்க்கப் போனாள்.

"அடிப்பாவி! நுரை கட்டினதும் இறக்கணும்டி! தள்ளு!"

கரண்டியைப் பிடுங்கினார். புதிதாகப் புளி கரைத்தார். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டார். நெய்யில் கடுகு தாளித்து, பொங்கி வந்த நொடியில் இறக்கி, கொத்தமல்லி தூவி மூடினார். அப்புறம்தான் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பானு நிதானமாக ஒரு டம்ளர் ரசம் குடித்து முடித்தாள்.

"போன வாரம் பாலக்கரைல, அரியமங்கலத்துல உங்ககூட ரூம்ல இருந்த மார்ட்டின் அண்ணனைப் பாத்தேன். 'உங்க வீட்டுக்காரர் வச்ச ரசம் இன்னும் நாக்குலயே இருக்கு'ன்னார். கண்ணால பாக்காம நம்பக் கூடாதில்ல?"

தாயுமானவன் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலைல கிளம்பிடுங்க. எங்கம்மா ஊருக்குப் போறாங்க. பிள்ளைங்களுக்கு இனிமே டிபன், சாப்பாடு எல்லாம் நீங்கதான்."

"அப்போ... நீ?"

"எனக்கு இங்க இன்னும் ஒரு வாரம் ரூம் போட்டாச்சு."